செவி 350-ஐ 87 ஆக்டேனுக்குக் கட்டுவது: 8.2 கம்ப்ரஷனும் பெரிய கேமும் சரிவருமா?

குமரன்_டெக்சஸ்

வணக்கம். 1978 செவர்லே கமாரோ காருக்கு 350 கன அங்குல வி8 என்ஜின் கட்டுகிறேன். வாரநாளில் வேலைக்குப் போய்வர வேண்டும், மாதம் ஒருமுறை கால் மைல் ரேஸ் ஸ்ட்ரிப்பில் ஓட்ட வேண்டும். 87 ஆக்டேன்தான் ஊற்றுவேன், தினமும் 93 போட்டுக் கட்டுப்படியாகாது. நைட்ரஸ், டர்போ எதுவும் வராது. 5,800 ஆர்.பி.எம். தாண்டத் தேவையில்லை.

கையில் இருப்பது: 30 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாகப் போர் போட்ட பிளாக் (சிலிண்டர் விட்டம் 4.030 அங்குலம்), மெயினுக்கு ரெண்டு போல்ட், 3.48 ஸ்ட்ரோக் கிராங்க், 5.7 அங்குல ராடு. ஹெட் பழைய 882 காஸ்டிங், அதில் கலவை எரியும் குழியான சேம்பர் 76 சி.சி. கியர்பாக்ஸ் டி.எச்.350 ஆட்டோமேட்டிக், கம்பெனியில் வந்த டார்க் கன்வர்ட்டர், 3.08 விகித ஆக்சில், 26 அங்குல டயர்.

மெஷின் ஷாப்பில், "சாதா ரீபில்டர் ஃபிளாட் டாப் பிஸ்டன் போடு, 8.2 கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற விகிதம்) வரும், 87-இல் நாக்கிங்கே இருக்காது, தைரியமாகப் பெரிய கேம் போடலாம்" என்கிறார்கள். 50 தவ் லிஃப்டில் அளந்தால் வால்வை 240 டிகிரி கிராங்க் சுற்றுக்குத் திறந்து வைக்கும் ஹைட்ராலிக் கேம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 062 வோர்டெக் ஹெட் ஒரு ஜோடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆனால் அது 64 சி.சி. கம்ப்ரஷன் ஏறி 87-இல் தட்டுமோ (நாக்கிங் வருமோ) என்று தயக்கம்.

பிஸ்டன், கேம் ரெண்டுமே இன்னும் வாங்கவில்லை. எதை மாற்ற வேண்டும்?

---

லேத்_மாணிக்கம்

வாங்கவில்லை என்பது நல்ல செய்தி தம்பி. அந்த 8.2 எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள், மற்றது தானாகப் புரியும்.

இந்த பிளாக்கின் டெக் (ஹெட் உட்காரும் மேல்தளம்) கிராங்க் மையத்திலிருந்து வரைபடப்படி 9.025 அங்குல உயரம். பாதி ஸ்ட்ரோக் 1.740, ராடு 5.700, பிஸ்டன் பின்னின் (ராடைப் பிஸ்டனோடு கோக்கும் ஊசி) மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை 1.560. கூட்டினால் 9.000. அதாவது கம்பெனி அளவு பிஸ்டன் டி.டி.சி.-யில் (பிஸ்டன் எட்டும் உச்சப் புள்ளி) டெக்குக்கு 25 தவ் கீழே நிற்கும். ரீபில்டர் பிஸ்டனில் அந்த 1.560-ஐ 1.540 ஆக்கியிருப்பார்கள். ஏற்கெனவே டெக் சீவிய பிளாக்கிலும் இடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் குறைத்தது அது. சீவாத உங்கள் பிளாக்கில் அது 45 தவ் கீழே நிற்கும். மேலே 41 தவ் கேஸ்கட். ஆக, பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே 86 தவ் இடைவெளி.

இந்த இடைவெளியைத்தான் குவென்ச் என்கிறோம். 40 தவ் பக்கம் இருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அந்த இடுக்கிலிருக்கும் கலவை பிதுங்கிப் பிளக் பக்கம் பாயும். அந்தக் கலக்கலில் தீ வேகமாகப் பரவும். இடுக்கில் மிஞ்சும் மெல்லிய படலம் ரெண்டு பக்க உலோகத்திலும் சூட்டை இழந்துவிடுவதால் தானாகப் பற்றாது. 60 தவ் தாண்டினால் இந்த வேலை தளர்ந்துவிடும். 86-இல் அது இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பிளக்கிலிருந்து தூரத்தில் ஒரு மூலைக் கலவை சும்மா தேங்கி, அழுத்தமும் சூடும் ஏற ஏறக் கடைசியில் தானாக வெடிக்கும். நாக்கிங் என்பது அதுதான். எரிதல் மெதுவாக இருப்பதால் 36, 38 டிகிரி டைமிங் (டி.டி.சி.-க்கு எவ்வளவு முன்னதாகப் பொறி விழுகிறது என்பது) வேறு கேட்கும். கம்ப்ரஷன் 8.2 என்பதற்காக 87-இல் தட்டாது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. பவரும் போய், தட்டலும் மிஞ்சினால் ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இப்போது கணக்கு. 4.030 போர், 3.48 ஸ்ட்ரோக்குக்கு ஒரு சிலிண்டர் 727.4 சி.சி. 4.166 துவாரமுள்ள 41 தவ் கேஸ்கட் 9.2 சி.சி. பிஸ்டன் 25 தவ் கீழே நின்றால் 5.2 சி.சி., 45 தவ் என்றால் 9.4 சி.சி. ஃபிளாட் டாப்பில் நாலு வால்வு வெட்டுக்கும் சேர்த்து 7 சி.சி. என்று வைத்திருக்கிறேன். உங்கள் பிஸ்டன் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

ஷாப் சொன்னது: 76 + 7 + 9.4 + 9.2 = 101.6 சி.சி. கம்ப்ரஷன் 8.16. இடைவெளி 86 தவ்.

64 சி.சி. வோர்டெக், 1.560 ஃபிளாட் டாப், 41 தவ் கேஸ்கட்: 85.4 சி.சி. கம்ப்ரஷன் 9.52. இடைவெளி 66 தவ்.

அதே வோர்டெக், 12 சி.சி. டிஷ் பிஸ்டன், டெக்கை 25 தவ் சீவிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது: 85.2 சி.சி. கம்ப்ரஷன் 9.54. இடைவெளி 41 தவ்.

கடைசி ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காகிதத்தில் கம்ப்ரஷன் ஒன்றே. ஆனால் ஒரே பெட்ரோலில் முந்தியது தட்டும் இடத்தில் பிந்தியது தட்டாமல் ஓடும். கம்ப்ரஷன் எண்ணைக் குறைக்க வேண்டுமானால் பிஸ்டன் தலையில் பள்ளம் வைத்துக் குறையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கியோ தடித்த கேஸ்கட் போட்டோ குறைக்காதீர்கள்.

பள்ளத்தின் வடிவத்தையும் பார்த்து வாங்குங்கள். டிரக் பிஸ்டனில் இருக்கும் வட்டப் பள்ளம் குவென்ச் பக்கத்தையும் தின்றுவிடும். சேம்பரின் நிழல் போல ஒரு பக்கம் மட்டும் குழிந்து, மறுபக்கம் தட்டையாக இருக்கும் டி வடிவப் பள்ளம்தான் வேண்டும்.

87 மட்டும்தான் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், 18 சி.சி. டி வடிவப் பள்ளம், பூஜ்ய டெக், 41 தவ் கேஸ்கட், வோர்டெக். மொத்தம் 91.2 சி.சி., கம்ப்ரஷன் 8.98. இரும்பு ஹெட்டில் 87-க்கு நான் நிற்கும் இடம் இதுதான். 9.5-க்கும் 9-க்கும் பவரில் ரெண்டு சதவீதம்கூட வித்தியாசம் வராது. 350 குதிரையில் ஆறேழு. தினமும் 93 ஊற்றும் செலவுக்கு அது ஈடில்லை.

---

நோவா_பாண்டியன்

மாணிக்கம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. டெக் சீவக் காசில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. 15 தவ் தடிப்பில் ரப்பர் பூச்சுப் போட்ட ஸ்டீல் ஷிம் கேஸ்கட் கிடைக்கிறது, துவாரம் 4.100. அதன் கொள்ளளவு 3.25 சி.சி.தான். 1.560 பிஸ்டன் 25 தவ் கீழே, மேலே 15 தவ்: இடைவெளி சரியாக 40. அதே 18 சி.சி. பள்ளம், 64 சி.சி. ஹெட் என்றால் 90.5 சி.சி. கம்ப்ரஷன் 9.04.

---

லேத்_மாணிக்கம்

நல்ல வழிதான் பாண்டியன், நானே சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு நிபந்தனை மட்டும்.

ஒன்று, ஷிம் கேஸ்கட் மேடுபள்ளத்தை மன்னிக்காது. டெக்கிலும் ஹெட்டிலும் நேர்கோல் வைத்து, எந்தத் திசையிலும் 2 தவ் ஃபீலர் தகடு நுழையாமல் இருக்க வேண்டும். நுழைந்தால் லேசாகச் சீவித்தான் ஆக வேண்டும். பிறகு அலுமினிய ஹெட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தாலும் இதைப் போடாதீர்கள், இது இரும்போடு இரும்புக்கு.

ரெண்டு, "25 தவ் கீழே" என்பது வரைபடத்தில் இருப்பது. பிளாக்கில் இருப்பதை அளந்தால்தான் தெரியும். இந்தக் காலத்து பிளாக்குகளில் முன் மூலை 20, பின் மூலை 32 என்று சாய்ந்திருப்பது சகஜம். ரிங் இல்லாமல் ஒரே பிஸ்டனையும் ராடையும் 1, 2, 7, 8 ஆகிய நாலு மூலைச் சிலிண்டரிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். டயல் கேஜை டெக் மேல் பாலம் போல நிறுத்தி, பின் அச்சுக்கு நேர் மேலே பிஸ்டனின் ரெண்டு ஓரத்திலும் படித்து சராசரி எடுங்கள். பின்னுக்குக் குறுக்கே வைத்துப் படித்தால் பிஸ்டன் ஆடும், அளவு பொய் சொல்லும். மூலைக்கு மூலை 5 தவ்வுக்கு மேல் வித்தியாசம் என்றால் சீவுவதுதான் நேர்மையான வேலை.

இடைவெளியை 35 தவ்வுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். 5,800-இல் ராடு நீளும், பிஸ்டன் அச்சில் சற்றே சாயும், பேரிங்கிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. 38 முதல் 42 வரை வைத்தால் நிம்மதி.

ஹெட்டையும் 64 சி.சி. என்று நம்பாமல் அளந்துவிடுங்கள். வால்வும் பிளக்கும் போட்டு, சேம்பர் விளிம்பில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு ஒட்டி, பியூரெட்டிலிருந்து சாயத் தண்ணீர் விட வேண்டும். ஒருமுறை சீவிய ஹெட்டாக இருந்தால் 60, 61 என்றுகூட வரும். அப்போது கம்ப்ரஷன் 9-இல் நிற்காது.

---

கேம்_தேன்மொழி

கம்ப்ரஷனைப் பெரியவர் முடித்துவிட்டார், நான் கேமுக்கு வருகிறேன். குமரன், அந்த 240 டிகிரி கேமை மறந்துவிடுங்கள்.

பிஸ்டன் அடியிலிருந்து மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அது மூடும்வரை கலவை அமுங்காது. எனவே உண்மையான அமுக்கம் வால்வு மூடும் நொடியில்தான் ஆரம்பம். உங்கள் என்ஜினுக்கு, 5.7 ராடு வைத்துக் கணக்கிட்டால், பி.டி.சி.-க்கு (பிஸ்டனின் அடிப்புள்ளி) அப்புறம் 57 டிகிரியில் மூடும் கேமுக்கு 3.48-இல் 2.88 அங்குலம் மிஞ்சும். 60-இல் மூடினால் 2.81. 68-இல் மூடினால் 2.62.

நீங்கள் பார்த்தது போல 284 டிகிரி விளம்பர டியூரேஷன் (வால்வு திறந்திருப்பதாகக் கம்பெனி அச்சிடும் அளவு) உள்ள கேம், 106 சென்டர்லைனில் (இன்டேக் உச்சம் டி.டி.சி.-க்கு 106 டிகிரி பிறகு வரும்படி) வைத்தால் 68-இல் மூடும். ஷாப் சொன்ன 8.16 என்ஜினில் அதைப் போட்டால் டைனமிக் கம்ப்ரஷன் (வால்வு மூடியபின் நடக்கும் உண்மையான அமுக்க விகிதம்) 6.4. நாலு சக்கரமும் சேற்றில் நிற்பது போல 3,000 வரை வண்டி எழாது. ஐடிலில் வேக்குவம் இருக்காது, பவர் பிரேக் கல்லாகும், பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வரும். 284 போன்ற கேமுக்கு 10-க்கு மேல் கம்ப்ரஷனும், உயர்ந்த ஸ்டால் (கன்வர்ட்டர் இறுகிப் பிடிக்கும் ஆர்.பி.எம்.) உள்ள கன்வர்ட்டரும், 4.10 ஆக்சிலும் வேண்டும். குறைந்த கம்ப்ரஷன் கட்டும்போது கேமும் கூடவே சின்னதாக வேண்டும். ஷாப் அதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள்.

8.98 கம்ப்ரஷனுக்கு என் தேர்வு 262/270 (இன்டேக்/எக்ஸாஸ்ட்) விளம்பர டியூரேஷன், 50 தவ்வில் 218/224, 110 லோப் பிரிவு (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் உச்சங்களுக்கு நடுவே உள்ள கோணம்), 106-இல் வைப்பது. 57-இல் மூடும். டைனமிக் 7.60. அடுத்த படி 268/280, 50 தவ்வில் 224/230. அது 60-இல் மூடும், டைனமிக் 7.45. இரும்பு ஹெட், இறுக்கமான குவென்ச், 87 ஆக்டேன் என்றால் 7.5 சுற்றி நிற்பது நல்லது. ஸ்ட்ரிப் ஆசையும் இருப்பதால் உங்களுக்கு 268 பொருந்தும். 5,500 சுமாருக்கு உச்ச பவர் கொடுக்கும், ஐடில் லேசாகத் துள்ளும், பிரேக்குக்கு வேக்குவமும் மிஞ்சும்.

இந்தக் கணக்கில் ஒரு வழுக்கல் உண்டு. விளம்பர டியூரேஷனை ஒரு கம்பெனி 6 தவ் லிஃப்டில் அளக்கும், இன்னொன்று 4 தவ்வில் அளக்கும். ரெண்டு கம்பெனி கேமை டைனமிக் எண் வைத்து ஒப்பிடாதீர்கள். 50 தவ் எண் எல்லோருக்கும் பொது, அதை வைத்து ஒப்பிடுங்கள்.

கேமைக் கண்டிப்பாக டிகிரி சக்கரம் வைத்துச் சரிபாருங்கள். டைமிங் செயின் செட்டின் சாவிப் பள்ளம் 4 டிகிரி தள்ளியிருப்பது அபூர்வம் இல்லை. 4 டிகிரி முன்னே போனால் 268 கேம் 56-இல் மூடும், டைனமிக் 7.6-ஐத் தாண்டும். கோடையில் தட்ட ஆரம்பித்தபின் காரணம் தேடுவதைவிட இப்போதே ஒரு மணி நேரம் செலவழிப்பது மேல்.

ஆக்டேன் பற்றி ஒரு சிறு குறிப்பு, ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக. அமெரிக்க பங்கில் எழுதியிருக்கும் 87, ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற ரெண்டு ஆக்டேன் சோதனை எண்களின் சராசரி. இந்தியாவில் எழுதுவது ஆர்.ஓ.என். மட்டும். இந்த 87-உம் ஆர்.ஓ.என். 91-உம் கிட்டத்தட்ட ஒரே பெட்ரோல்தான்.

---

நோவா_பாண்டியன்

3.08 ஆக்சிலையும் மாற்றாவிட்டால் இதெல்லாம் வீண். மணிக்கு எத்தனை மைல் × ஆக்சில் விகிதம் × 336 ÷ டயர் விட்டம் = ஆர்.பி.எம். கோட்டைத் தாண்டும்போது 103 மைல் என்று வையுங்கள். 3.08-இல் 4,100தான். உச்ச பவர் 5,500-இல் இருக்க, கேம் விழிக்கும்போதே ஓட்டம் முடிந்துவிடும். 3.73-இல் 4,965, கன்வர்ட்டர் வழுக்கலையும் சேர்த்தால் 5,200 பக்கம். சரியாக உட்காரும். 65 மைலில் ஹைவே போனால் 3.08-க்கு 2,590, 3.73-க்கு 3,130. தினமும் ஹைவே அதிகம் என்றால் 3.42 நடுவழி. உங்களுடையது 8.5 அங்குல 10-போல்ட் என்பதால் இந்த ரேஷியோ எல்லாம் சுலபமாகக் கிடைக்கும்.

கன்வர்ட்டர் 2,200 முதல் 2,400 ஸ்டால். கம்பெனி கன்வர்ட்டரில் சிக்னலில் கியரில் நிற்கும்போது என்ஜின் இழுத்துக்கொண்டு திணறும். கன்வர்ட்டர் மாற்றும்போதே டிரான்ஸ்மிஷனுக்குத் தனி கூலரும் வைத்துவிடுங்கள்.

கார்புரேட்டர் 600 அல்லது 650 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), வேக்குவம் செகண்டரி. போர் போட்டபின் 355 கன அங்குலமாகும் என்ஜின் 5,800-இல் நூறு சதவீதம் நிரம்பினாலே 596தான் கேட்கும். 750 போட்டால் கீழே மழுங்கும், மேலே எதுவும் கூடாது.

---

குமரன்_டெக்சஸ்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வோர்டெக், 18 சி.சி. டி பள்ள ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கன் கூடிய அலுமினிய வார்ப்பு) பிஸ்டன், 268 கேம், 3.73 என்று முடிவு பண்ணிவிட்டேன். டெக்கை அளந்துவிட்டுத்தான் கேஸ்கட் வாங்குவேன்.

மூன்று சந்தேகம். என்னிடம் இருக்கும் பழைய அலுமினிய இன்டேக் வோர்டெக்கில் உட்காருமா? வோர்டெக்கில் பெரிய லிஃப்ட் போடக்கூடாது என்கிறார்களே, 268-க்கு 480 தவ் வருகிறதே? ரிங் கேப் (பிஸ்டன் ரிங்கின் ரெண்டு நுனிக்கும் நடுவே விடும் இடைவெளி) எவ்வளவு வைப்பது, பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் பழைய மேனுவலில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை.

---

கேம்_தேன்மொழி

இன்டேக் உட்காராது. வோர்டெக்குக்கு மொத்தம் 8 போல்ட், பழையதுக்கு 12, கோணமும் வேறு, போர்ட்டும் உயரம். வோர்டெக்குக்கென்றே செய்த டூயல் பிளேன் (ரெண்டு அடுக்குப் பாதை) இன்டேக் வாங்குங்கள். அதன் போல்ட்டைப் பழைய வழக்கப்படி 30 அடி-பவுண்டுக்கு முறுக்கிவிடாதீர்கள். வோர்டெக்குக்கு 11 அடி-பவுண்டுதான், அதுவும் மூன்று சுற்றாக. அதிகம் முறுக்கினால் கேஸ்கட் நசுங்கிக் கீழ்ப்பக்கம் திறக்கும். அங்கிருந்து லிஃப்டர் பள்ளத்தாக்கின் எண்ணெயை உறிஞ்சி சிலிண்டருக்குள் விடும். எண்ணெய் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் விழுந்துவிடும். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் தட்டுகிற என்ஜின்களில் நான் முதலில் பார்க்கும் இடம் இது. இன்டேக்கைக் கழற்றினால் போர்ட்டின் தரைப்பகுதி மட்டும் ஈரமாகப் பளபளவென்று கறுத்திருக்கும்.

டெக்கையோ ஹெட்டையோ சீவினால் இன்டேக் உட்காரும் இடமும் கீழே இறங்கும். கேஸ்கட் போடாமல் இன்டேக்கை வெறுமனே வைத்து, போல்ட் ஓட்டை நேராக வருகிறதா, மேலும் கீழும் ஃபீலர் ஒரே அளவு நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லிஃப்ட் பற்றி நீங்கள் கேட்டது சரிதான். கம்பெனி வோர்டெக்கில் வால்வு முழுதும் திறக்கும்போது ஸ்பிரிங் ரிட்டெய்னரின் அடிப்பாகம் கைடு சீலை இடிக்கும். சுமார் 460, 470 தவ்தான் எல்லை. 480-க்குக் கைடு மேட்டை வெட்டி இறக்கிச் சின்ன சீல் போடலாம், அல்லது தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங்கும் அதற்குரிய சின்ன ரிட்டெய்னரும் போடலாம். எதைச் செய்தாலும் முழு லிஃப்டில் 50 தவ் மிச்சம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இடித்தால் சீல் நொறுங்கும், துண்டுகள் ஆயில் பம்ப்புக்குப் போகும்.

வோர்டெக்கின் ராக்கர் தானே வால்வு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வகை. ஸ்க்ரூ ஸ்டடும் கைடு தகடும் போட்டால் சாதா ராக்கருக்கு மாற வேண்டும். ரெண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று இழுத்துப் புஷ்ராடும் வால்வு நுனியும் தேயும். கம்பெனி ஸ்டட் அழுத்திச் செருகியது, கடினமான ஸ்பிரிங் போட்டால் மெல்ல மேலே வரும்.

வாங்குமுன் பிரஷர் டெஸ்ட் வையுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை போல விரிசல் விடுவது இந்த ஹெட்டின் வழக்கம். இன்னொன்று, இதில் எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்குக்குப் போகும் பாதை கிடையாது. எனவே எலெக்ட்ரிக் சோக் வேண்டும். வால்வு கவரும் நடுபோல்ட் வகை, பழைய கவர் உட்காராது.

---

லேத்_மாணிக்கம்

ரிங் கேப்புக்குப் பெட்டியில் இருப்பதையே கேளுங்கள், மேனுவலைக் கேட்காதீர்கள். பழைய வார்ப்புப் பிஸ்டனுக்கு ஒரு அங்குலப் போருக்கு 4 தவ், அதாவது 16 தவ் என்பது பழக்கம். சில ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டனில் மேல் ரிங் தலைக்கு மிக அருகில் இருக்கும், சூடு அதிகம் வாங்கும். அதற்கு ஒரு அங்குலத்துக்கு 6.5 தவ் கேட்பார்கள். 4.030-க்கு 26 தவ். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சூட்டில் அது மூடிக்கொள்ளும். 16 வைத்தால் ஸ்ட்ரிப்பில் முழு மூச்சு ஓட்டத்தின் கடைசியில் ரிங் நுனிகள் முட்டும், போக வழியில்லாமல் பிஸ்டனின் மேல் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். அலுமினியம் துண்டாக உடைந்த பிஸ்டனை "நாக்கிங்கில் போச்சு" என்று சொல்லித் தூக்கிப் போடுவார்கள். ரிங் நுனிகளைப் பார்த்தால் கண்ணாடி போல மினுங்கும், முட்டியதற்கு அதுதான் சாட்சி.

பேரிங் இடைவெளி மெயினிலும் ராடிலும் 2 முதல் 2.5 தவ். ஆயில் பம்ப் சாதா கொள்ளளவே போதும். மெயின் போல்ட் 70 அடி-பவுண்டு, ஹெட் போல்ட் 65, மூன்று சுற்றில். இந்த பிளாக்கில் ஹெட் போல்ட் ஓட்டைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கும், மரையில் சீலர் தடவாவிட்டால் கூலன்ட் போல்ட் வழியே ஏறி ஆயிலில் கலக்கும்.

ஃபிளாட் டேப்பட் கேம் (லிஃப்டர் உருளையில்லாமல் நேரே லோபில் உரசும் வகை) என்பதால் முதல் 20 நிமிடம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். லிஃப்டர் ஒவ்வொன்றும் தன் துளையில் வழுக்கிக்கொண்டு சுழல்கிறதா என்று கையால் பாருங்கள். லோபிலும் லிஃப்டர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட், ஆயில் துத்தநாகம் கூடிய பிரேக்-இன் ஆயில். டிஸ்ட்ரிபியூட்டர் வைக்குமுன் டிரில்லால் பம்பைச் சுற்றி எல்லா ராக்கருக்கும் ஆயில் வரவையுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, டைமிங் கிட்டத்தட்ட சரியாக வைத்து, முதல் சுற்றிலேயே பிடிக்க வேண்டும். ஸ்டார்ட்டரை நீட்டி நீட்டி அடித்தால் பேஸ்ட் வழிந்துபோகும். பிடித்ததும் 2,000-க்கு மேலே ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே 20 நிமிடம் ஏற்றி இறக்குங்கள். ஐடிலுக்கு விடவே கூடாது, அந்த வேகத்தில் லோபுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

---

நோவா_பாண்டியன்

டைமிங்குக்கு: வோர்டெக் சேம்பர் வேகமாக எரிக்கும். பழைய ஹெட்டுக்குப் போல 36 வைக்காதீர்கள். ஐடிலில் 12, ஆர்.பி.எம். ஏற ஏறக் கூடும் மெக்கானிக்கல் 20, மொத்தம் 32, 3,000-க்குள் முழுதும் வந்துவிட வேண்டும். வேக்குவம் அட்வான்ஸை 10 டிகிரிக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள், ஹைவேயில் லேசாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது வரும் கிலுகிலு சத்தம் பெரும்பாலும் அதிலிருந்துதான். 180 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட்.

ஸ்ட்ரிப்பில் 30-இல் ஆரம்பித்து ரெண்டு ரெண்டு டிகிரியாக ஏற்றுங்கள். கோட்டில் வரும் வேகத்தைப் பாருங்கள், நேரத்தைப் பார்க்காதீர்கள். நேரம் டயர் பிடிப்பைப் பொறுத்து ஆடும், வேகம்தான் பவரைச் சொல்லும். 2 டிகிரி கூட்டியும் வேகம் ஏறவில்லை என்றால் பின்னே வந்துவிடுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் ஐடிலில் உருட்டிக்கொண்டு வராமல் நியூட்ரலில் என்ஜினை அணைத்து, ஓரம் கட்டி, ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் தட்ட ஆரம்பித்துவிட்டது, காதுக்குக் கேட்காவிட்டாலும். புள்ளி வெள்ளியாக மின்னினால் அது பிஸ்டன் அலுமினியம். அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, டைமிங்கை 4 டிகிரி குறைத்து, கார்புரேட்டர் ஜெட் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பங்கில் வருவது 10 சதவீதம் எத்தனால் கலந்தது, கம்பெனி ஜெட்டில் கொஞ்சம் மெலிந்துதான் ஓடும். ஒன்றிரண்டு எண் ஏற்ற வேண்டிவரும்.